முகூர்த்தத்தை நிறுத்திய நீர்க்கடுப்பு

விழாவுக்குத் தலைமை தாங்கி, காலையிலிருந்து ஒரு கொட்டாவிகூட விடாமல் எங்கள் எல்லாருடைய பேச்சையும் பொறுத்தருளிக்கொண்டிருக்கும் பெரியவர் தேனப்பன் அவர்களே, வரவேற்புரை என்று தொடங்கி இந்த மன்றத்தின் வரலாறு முழுவதையும் வாரி வழங்கிய செயலாளர் துர்காதேவி அவர்களே, கல்லல் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து முன்வரிசைகளை முற்றுகையிட்டிருக்கும் என் அருமைத் தாய்மார்களே, கொத்தமங்கலத்திலிருந்து குடும்பத்தோடு வந்து குளிர்ந்த முகத்தோடு அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, மனைவியை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்று வந்து, மதியச் சாப்பாட்டு வாசனையில் மனம் மாறி, பின்வரிசையில் பதுங்கியிருக்கும் அண்ணன்மார்களே, அப்பச்சிமார்களே, இத்தனை பேருக்கும் காரைக்குடியில் மருத்துவம் பார்க்கும் இந்தச் சுபாவின் நெஞ்சார்ந்த வணக்கம்.

கையில் அழைப்பிதழ் வைத்திருப்பவர்கள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். என் பெயருக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது? "மங்கையர் நலம் குறித்து ஒரு மாண்புமிகு உரை." அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எழுதிக் கொடுத்த தலைப்பு அதுவன்று. சிறுநீர்த் தொற்று, அதை அறிவதும் தடுப்பதும் என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். குரலைக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டு, "டாக்டர், சாமி படம் போட்ட பத்திரிகையில அந்த வார்த்தையை எப்புடிப் போடுறது" என்று கேட்டார். துர்காதேவி, தலையைக் குனியாதீக. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் இந்த மண்டபமே மனத்துக்குள் கேட்கிறது.

சாமி கொடுத்த உடம்புதானே இது? கண்ணைக் கொடுத்த கடவுள்தானே சிறுநீர்ப்பையையும் கொடுத்தார்? கண்ணில் தூசி விழுந்தால் கடைத்தெரு வரைக்கும் சொல்லிக்கொண்டு போகிறோம். பல்லில் வலி வந்தால் பக்கத்து வீட்டை எழுப்புகிறோம். இடுப்புக்குக் கீழே ஓர் எரிச்சல் என்றால் மட்டும் வாய்க்கு ஏன் பூட்டு? என் மருத்துவமனைக்கு வருகிற பெண்கள் என்ன சொல்லி உட்காருகிறார்கள் தெரியுமா? உடம்பு சூடு என்பார்கள். ஒரு மாதிரியாக இருக்கிறது என்பார்கள். அந்த இடம் என்பார்கள். எந்த இடம் அம்மா என்று கேட்டால், இந்தக் கேள்வியைக் கேட்ட என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரிக்கிற வாய்தான் பிறகு சொல்லவும் செய்யும்.

ஆகவே இன்று நான் சுற்றி வளைக்கப்போவதில்லை. ஒரு கல்யாணத்தைச் சொல்லப்போகிறேன். அந்தக் கல்யாணத்தின் மணப்பெண் இதோ நான்காவது வரிசையில், பச்சைச் சேலையில் அமர்ந்திருக்கிறாள். பெயர் சௌபர்ணிகா. மருத்துவர் ஒருவர் மேடையில் இப்படி நோயாளியின் பெயரைச் சொல்லலாமா என்று தலைவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். சொல்லக்கூடாது ஐயா. அதனால்தான் போன வாரமே அவளிடம் கேட்டேன். பெயரை மாற்றிச் சொல்கிறேன், ஊரை மாற்றிச் சொல்கிறேன் என்றேன். அவள் மறுத்துவிட்டாள். "பேரைச் சொல்லியே பேசுங்க டாக்டர். மறைச்சுச் சொன்னா நான் ஏதோ தப்புப் பண்ணுன மாதிரி ஆயிரும்" என்றாள். ஒரு கைதட்டு அவளுக்குக் கொடுங்கள். இன்னும் கொஞ்சம் பலமாக. நன்றி.

கொத்தமங்கலத்தில் அவளைப் பெற்ற அப்பச்சி முத்துக்கருப்பன் அண்ணனுடைய பூர்வீக வீடு இருக்கிறதே, பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் தலை வைத்து அடுத்த தெருவில் கால் நீட்டிப் படுத்திருக்கிற வீடு. முகப்பு, அதைத் தாண்டி நடுமுற்றம் வைத்த வளவு, வளவைத் தாண்டி இரண்டாம் கட்டு, அப்புறம் சமையல் கட்டு. தூண் என்ன மரம், தரை என்ன கல் என்று வெளிநாட்டிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். கழிப்பறை எங்கே என்று இதுவரை யாராவது கேட்டதுண்டா? நான் சொல்கிறேன். எல்லாக் கட்டுக்கும் அப்பால், பின்தெருக் கதவை ஒட்டி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. கல்யாண நாளில் மணப்பெண் இருப்பது முன்பக்கத்து வளவு அறையில். அவளுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே யார்? நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, காபி குடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேரும். பட்டுடுத்திய பெண் அந்தப் படை வரிசையைக் கடந்து பாத்திரம் கழுவும் இடம் தாண்டிப் போய் வரவேண்டும் என்றால், போவாளா? போகமாட்டாள். அடக்குவாள். அடக்குவதற்கு வசதியாகத் தண்ணீரைக் குறைப்பாள். நம் பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்று வைத்திருக்கிற கணக்கு இது.

கல்யாண வாரத்தில் சௌபர்ணிகாவுக்கு எரிச்சல் தொடங்கியது. போனால் எரிகிறது, போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போக வேண்டும்போல் இருக்கிறது, போனால் நாலு சொட்டு. அடிவயிற்றில் ஓர் இழுப்பு. நீரும் கலங்கலாக, வாடை மாறி வந்திருக்கிறது. அவள் இதை அயித்தை மீனம்மாள் ஆச்சியிடம் சொன்னாள். அப்பச்சியின் கூடப்பிறந்த அக்காள், அந்த வீட்டின் அறிவிக்கப்படாத ஆட்சியர். மீனம்மாள் ஆச்சியும் வந்திருக்கிறார்கள். ஆச்சி, கோபமா? இல்லையாம், கையை ஆட்டுகிறார்கள், மேலே சொல்லு என்கிறார்கள். சொல்கிறேன்.

ஆச்சி பாசத்தில் குறை வைக்கவில்லை. கல்யாணச் சூடு என்று முடிவு செய்தார்கள். பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். மருதாணி வைத்த கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினார்கள். இங்கே எத்தனை பேர் வீட்டில் பெருவிரலில் சுண்ணாம்பு தடவியிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். அடேயப்பா, மண்டபமே கையைத் தூக்குகிறது. கிருமி இருக்கிற இடம் எங்கே, பெருவிரல் இருக்கிற இடம் எங்கே? காரைக்குடியில் திருடன் புகுந்தால் சிவகங்கையில் கதவைச் சாத்துகிறோமே தாய்மார்களே, இது நியாயமா?

அதோடு விட்டிருந்தாலும் தாழ்வில்லை. போன வருஷம் தனக்கு இதே மாதிரி வந்தபோது வாங்கி மீதம் வைத்திருந்த மாத்திரையில் இரண்டை எடுத்துக் கொடுத்தார்கள் ஆச்சி. எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. தணிந்ததும் எல்லாரும் மறந்தார்கள். மறுநாள் கல்யாண வேலை தலைக்குமேல் ஏறியது. அப்போது ஆச்சி ஒரு கட்டளை போட்டார்கள். "ஆத்தா, இன்னைக்குச் சாயங்காலத்தோட தண்ணியை நிப்பாட்டிரு. மணவறையில உக்காந்த பொண்ணு நடுவுல எந்திரிக்கப்படாது." பிள்ளையும் பெரியவர்கள் சொல்லைத் தட்டவில்லை. சொட்டுத் தண்ணீர் இல்லாமல், சொல்ல வாயில்லாமல், விடிந்ததும், ஆச்சி மறுபடியும் தடவிவிட்ட சுண்ணாம்போடு, பட்டுக்கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இடத்தில் கல்யாணத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு உடம்புக்குள் போய்வருவோம். சிறுநீர்த் தொற்று என்றால் என்ன? பெரும்பாலும் நம் குடலிலேயே குடியிருக்கிற கிருமிதான் காரணம். குடலில் இருக்கிற வரைக்கும் அது குடித்தனக்காரன். மலத்துவாரத்தின் பக்கத்திலிருந்து நகர்ந்து சிறுநீர் வழிக்குள் நுழைந்தால் அங்கே அது கொள்ளைக்காரன். பெண்களுக்கு ஏன் அதிகம் வருகிறது? கவனியுங்கள். ஆண்களுடைய சிறுநீர் வழி நம் செட்டிநாட்டு வீடு மாதிரி, முகப்பில் நுழைந்தால் பின்கட்டுக்குப் போய்ச் சேர வெகு நேரம் ஆகும். பெண்களுடையது இந்தக் காலத்து அடுக்குமாடி வீடு மாதிரி. கதவைத் திறந்தால் நேரே படுக்கையறை. கிருமிக்கு நடக்கிற வேலையே இல்லை. பாதி பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வரும். அதாவது உங்கள் வலப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள், இடப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள், அவர்களுக்கு வரவில்லை என்றால் உங்களுக்கு வந்திருக்கும். இதில் ஒழுக்கம் எங்கே வந்தது? குலப்பெருமை எங்கே குறைந்தது? குறைந்தது தண்ணீர் ஒன்றுதான்.

தண்ணீர் குடித்து நேரத்துக்கு நேரம் போய்வந்தால், நுழைந்த கிருமியை உடம்பே கழுவித் தள்ளிவிடும். தண்ணீரையும் நிறுத்தி, வருகிற நீரையும் அடக்கினால்? தேங்கிய நீரில் கிருமி பெருகும், நீர்ப்பையைத் தாண்டி மேலே ஏறும். மேலே என்ன இருக்கிறது? சிறுநீரகம் இருக்கிறது. அங்கே ஏறிவிட்டால் பிறகு வருவது எரிச்சல் மட்டுமில்லை. குளிர் ஜுரம் வரும், விலாவுக்குப் பின்னால் முதுகில் வலி வரும், வாந்தி வரும். அப்படியே விட்டால் இரத்தத்தில் கலந்து உயிரையே கேட்கும்.

இப்போது வாருங்கள், மறுபடியும் கல்யாணத்துக்கு.

நான் அன்றைக்கு மருத்துவராகப் போகவில்லை. வயிறாரச் சாப்பிடப் போனவள். இரண்டாம் கட்டில் இலை போட்டு வெள்ளைப் பணியாரம் வைத்தார்கள். பக்கத்திலே காரச் சட்னி. முதல் பணியாரத்தை இரண்டு விரலால் பிட்டுச் சட்னியில் தொட்டுத் தூக்கியிருக்கிறேன், வாய்க்குப் போகவில்லை. மணப்பெண்ணின் தாய் சீதை வந்து என் தோளைத் தொட்டார். ஒன்றுமில்லை, கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றார். சாப்பிடுகிறவளை இலையிலிருந்து எழுப்பி ஒன்றுமில்லை என்று ஒரு தாய் சொன்னால், அங்கே என்னவோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். பணியாரத்தை இலையிலேயே விட்டேன். அந்தப் பணியாரத்தை இன்னும் நினைத்துக்கொள்வேன்.

உள்ளே போனால், பெண் பட்டுக்குள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். நெற்றியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதிக்கிறது. இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். சுற்றி நிற்கிறவர்கள் கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி முடித்திருந்தார்கள். விலாவுக்குப் பின்னால் லேசாகத் தட்டினேன். துள்ளி விழுந்தாள். எனக்கு விளங்கிவிட்டது. எல்லார் முன்னாலும் கேட்டேன், ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா என்று.

ஒருத்தி உத்திரத்தைப் பார்த்தாள். ஒருத்தி வளையலை எண்ணினாள். மீனம்மாள் ஆச்சி என் காதருகே வந்து, "மெதுவாக் கேளுங்க டாக்டர். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வெளிய நிக்கிறாக. பொண்ணுக்கு நோவுன்னு நெனைச்சிரப் போறாக" என்றார்கள். அந்த ஒரு சொல்லில்தான் தாய்மார்களே, நம்முடைய அத்தனை பெண்களின் நோயும் அடங்கியிருக்கிறது. கிருமியைப் பார்த்து அவர்கள் பயப்படவில்லை. சம்பந்தியைப் பார்த்துப் பயந்தார்கள். பெண்ணின் சிறுநீரகம் ஒரு பக்கம், பெண் வீட்டின் பேர் ஒரு பக்கம். தராசில் எது கனத்தது? சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, பேர்தான் கனத்தது.

முத்துக்கருப்பன் அண்ணன் நல்ல மனிதர். மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறவர். அவர் கண்ணில் நீர் நின்றது. ஆனாலும் முகூர்த்தம் முடிந்த கையோடு கூட்டிப்போகிறோம், அதுவரை ஒரு ஜுர மாத்திரை கொடுத்து ஒப்பேற்றுங்கள் என்று கெஞ்சினார். முகூர்த்தம் தொடங்கவே இன்னும் நேரமிருந்தது. அதன்பிறகு தாலி கட்டும் திருப்பூட்டு, அதன்பிறகு சடங்குகள், அதன்பிறகு ஆசீர்வாதம், அதன்பிறகு படம் எடுப்பது. படம் எடுப்பவர் விடுவாரா? நான் முடியாது என்றேன். மருந்து இப்போதே நரம்பில் ஏற வேண்டும் என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்ல என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பித்தம் என்று சொல்லலாம் என்றார் ஒருவர். மயக்கம் என்று சொல்லலாம் என்றார் இன்னொருவர். உண்மையைச் சொல்லலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் மாப்பிள்ளையின் தாய் ஹேமாவதி அம்மா. சிவகங்கையில் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவர். குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். என்ன என்று கேட்டார். பித்தம் என்றார்கள். அவர் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். பிறகு அவருடைய பார்வை மெல்ல மெல்லக் கீழே இறங்கி, பெண்ணின் காலில் போய் நின்றது. செக்கச் சிவந்த மருதாணி. அதன்மேல் பெருவிரலில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

மறைக்க முடிந்ததா? பித்தத்துக்கு யார் பெருவிரலில் சுண்ணாம்பு வைப்பார்கள்? ஆச்சியின் வைத்தியமே ஆச்சியைக் காட்டிக்கொடுத்துவிட்டது. சம்பந்தம் போயிற்று என்று சீதை சுவரில் சாய்ந்துவிட்டார். சௌபர்ணிகா, அத்தனை ஜுரத்திலும், காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பை என்னால் மறக்க முடியாது. உயிருக்குப் போராடுகிற நேரத்திலும் ஒரு பெண்பிள்ளை மறைக்க நினைத்தது நோயை என்றால், நாம் அவளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறோம்? எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

ஹேமாவதி அம்மா தரையில் உட்கார்ந்தார். பட்டுப்புடவை கசங்குவதைப் பார்க்கவில்லை. தன் முந்தானையால் அந்தச் சுண்ணாம்பைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் இதே விரல்லதாம்மா தடவுனாக. மூணு தடவை வந்திருக்கு எனக்கு. ரெண்டாந்தடவை இவன் என் வயித்துல இருந்தான். இதுக்கெல்லாம் பொண்ணை வேண்டாம்பாகளா?"

அவ்வளவுதான். பூட்டு உடைந்தது. எனக்கும் வந்தது என்றார் பெண்ணின் பெரியம்மா. எனக்கும்தான் என்றார் மாப்பிள்ளையின் அத்தை. வீட்டில் சொல்லவில்லை, வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் என்றார் இன்னொருவர். அலங்காரம் செய்ய மதுரையிலிருந்து வந்திருந்த பெண் மூலையில் நின்றபடி, கல்யாண வீடுகளில் தானும் தண்ணீர் குடிப்பதில்லை, தனக்கும் இப்போது எரிகிறது என்றாள். கடைசியாக மீனம்மாள் ஆச்சி. மாத்திரையை மிச்சம் வைத்திருந்த ஆச்சிக்கு வராமலா இருக்கும்? இரண்டு குடும்பத்துப் பெண்களும் ஒரே நோயால் ஒரே நொடியில் உறவானார்கள். அதைவிடப் பெரிய சம்பந்தம் ஏது?

ஆனால் பெண் முதலில் போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டுமே. முதல் நாள் இரவிலிருந்து அடக்கியிருக்கிறாள். ஹேமாவதி அம்மா வெளியே வந்து, ஆண்கள் நடுவில் நின்று, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னார். "எல்லாரும் கொஞ்சம் தெருப்பக்கம் போயிருங்க. பொண்ணு பாத்ரூம் போகணும்." காபி டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. பெரிய மனிதர்கள் பலர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். முதலில் எழுந்தவர் யார் தெரியுமா? மாப்பிள்ளை கார்த்திகேய சிவம். மாலையும் கழுத்துமாக எழுந்து, இரண்டு கையாலும் நாற்காலிகளை இழுத்து ஒதுக்கி வழி செய்தார். மாப்பிள்ளை எழுந்தபிறகு மற்றவர்கள் உட்கார முடியுமா? கூட்டம் கலைந்தது. மாமியாரின் தோளில் சாய்ந்தபடி அந்தப் பெண் அத்தனை கட்டுகளையும் கடந்து போனாள். நான் எத்தனையோ மணப்பெண் ஊர்வலம் பார்த்திருக்கிறேன். அதற்கு ஈடாக ஒன்றைப் பார்த்ததில்லை.

பரிசோதனைக்கு நீர் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, சீர்வரிசையிலிருந்து வெள்ளிச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வேண்டாம் அம்மா, மருத்துவமனையில் அதற்கென்று சுத்தமான டப்பா இருக்கிறது, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, பூ அலங்காரம் செய்த காரிலேயே ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தோம். நீரையும் இரத்தத்தையும் பரிசோதனைக்கு எடுத்தோம். நரம்பில் மருந்து ஏறியது. முகூர்த்தம் போயிற்று.

போனால் என்ன? வானம் இடிந்து விழுந்ததா? ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சாயங்காலத்தில் ஒரு நல்ல நேரம் கண்டுபிடித்தார். சமைத்த சாப்பாடு காத்திருக்குமா? பந்தி போட்டார்கள். திருப்பூட்டுக்கு முன்னாலேயே மதியச் சாப்பாடு முடிந்த கல்யாணம் செட்டிநாட்டில் அதுவாகத்தான் இருக்கும். ஜுரம் இறங்கி, வாந்தி நின்றபிறகு, கையில் ஊசிக் குழாயோடு, நானே பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப்போனேன். மணவறையில் வைத்து மாமியார் தண்ணீர் கொடுக்கக் கொடுக்க மருமகள் குடித்தாள். நடுவில் ஒருமுறை எழுந்தும் போய்வந்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். திருப்பூட்டு முடிந்ததும் நேரே என்னுடைய வார்டு. புது மாப்பிள்ளைக்கு மருமகன் விருந்து எங்கள் கேன்டீன் இட்லி. செவிலியர் ஒச்சம்மாள் பார்வை நேரம் முடிந்தது என்று அவரை வெளியே அனுப்பியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதோ, பின்வரிசையில் அந்த மாப்பிள்ளையும் சிரிக்கிறார்.

நீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினோமே, அதன் முடிவு வந்தபோது என்ன தெரிந்தது? ஆச்சி கொடுத்த அந்த மாத்திரைக்கு இந்தக் கிருமி மசியவே மசியாது. ஆகவே, உங்கள் மாத்திரை உங்களுக்கு. இன்னொருவர் மீதியை எடுக்காதீர்கள். உங்கள் மீதியைக் கொடுக்காதீர்கள். மீதியே வைக்காதீர்கள். மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் முழுதாக முடியுங்கள். எரிச்சல் நின்றதும் நீங்கள் நிறுத்தினால், பிழைத்துக்கொண்ட கிருமி அடுத்த தடவை அந்த மருந்தைப் பார்த்துச் சிரிக்கும்.

என்ன ஆச்சி கேட்கிறீக? பார்லித் தண்ணி குடிக்கலாமா? தாராளமாகக் குடியுங்கள். இளநீர் குடியுங்கள், மோர் குடியுங்கள். தண்ணீர் சேருகிற வகையில் நல்லதுதான். ஆனால் வந்த கிருமியை விரட்ட அது போதாது. எரிச்சல் தொடங்கினால் பரிசோதனை, பரிசோதனைக்குப் பிறகு மருந்து. ஜுரம், குளிர், முதுகுவலி, நீரில் இரத்தம் என்றால் அன்றைக்கே ஓடி வாருங்கள்.

சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னாக. இதைப் பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவையுங்கள். வாசனைச் சோப்பும் திரவமும் அங்கே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். பருத்தி உள்ளாடை போடுங்கள், மாதவிலக்கு நாப்கினை நேரத்துக்கு மாற்றுங்கள். புதுப் பெண்களே, தாம்பத்தியம் முடிந்ததும் எழுந்து போய்விட்டு வந்து படுங்கள். அண்ணன்மார்கள் ஏன் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்க்கிறீர்கள்? இது உங்களுக்கும்தான். சர்க்கரை இருக்கிறவர்கள் அதைக் கட்டுக்குள் வையுங்கள், சர்க்கரை கூடினால் கிருமிக்குக் கொண்டாட்டம். கர்ப்பிணிகள் எரிச்சல் இல்லாவிட்டாலும் நீர்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மாதவிலக்கு நின்றபிறகு இது அடிக்கடி வந்தால், வயசாயிருச்சு என்று விட்டுவிடாமல் வந்து காட்டுங்கள், அதற்கு வைத்தியம் உண்டு. வயசான ஆண்களுக்கும் வரும் அப்பச்சி. வந்தால் அதை வீட்டில் சொல்லுங்கள், மீசை ஒன்றும் உதிர்ந்துவிடாது.

முத்துக்கருப்பன் அண்ணன் அதன்பிறகு ஒரு காரியம் செய்தார். அந்த வீடு பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் எல்லாரையும் கேட்க வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக அழைத்து, முகப்பை ஒட்டிப் பெண்களுக்குக் கழிப்பறை கட்டச் சம்மதம் கேட்டார். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், என் மகளுக்கு இன்ன நோய் வந்தது, இதனால் வந்தது என்று வாய்விட்டுச் சொன்னார். ஒருவர்கூட மறுக்கவில்லை. கேட்ட வீடுகளில் எல்லாம் பெண்கள் இருந்தார்கள்.

அன்புத் தாய்மார்களே, இனி நான் பேச ஒன்றும் இல்லை. கேட்க ஒன்று இருக்கிறது.

விழா எத்தனை மணிக்குத் தொடங்கியது? காலையில் தொடங்கியது. இப்போது உச்சிப்பொழுது. உங்கள் நாற்காலிக்குக் கீழே மன்றத்தார் வைத்த தண்ணீர்ப் பாட்டில்கள் இருக்கின்றன. குனிந்து பாருங்கள். எத்தனை பாட்டிலின் மூடி திறந்திருக்கிறது? மேடையிலிருந்து எனக்குத் தெரிகிறது, பெரும்பாலும் மூடியபடி இருக்கின்றன. ஏன் திறக்கவில்லை? நான் சொல்லட்டுமா? இந்த மண்டபத்தின் கழிப்பறை ஆண்கள் உட்கார்ந்திருக்கிற அந்தப் பின்வரிசைக்குப் பின்னால் இருக்கிறது. பெரியவர்கள் பேசும்போது எழுந்து போவது மரியாதை இல்லை என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இத்தனை நேரம் நான் அடக்காதே அடக்காதே என்று முழங்குகிறேன், நீங்கள் அடக்கிக்கொண்டே கைதட்டுகிறீர்கள்.

இங்கே இப்போது அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருங்கள். நான் காத்திருக்கிறேன். கூச்சமாக இருக்கிறதா? பக்கத்தில் இருப்பவர் எழட்டும் என்று பார்க்கிறீர்களா? பெண்ணாய்ப் பிறந்த ஒருவராவது இந்த அவையில் எழமாட்டீர்களா?

யாரது? மீனம்மாள் ஆச்சியா?

எந்திரிங்க ஆச்சி. திரும்ப உக்காராதீக. என்ன சொல்லுறீக? சத்தமாச் சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும். "எனக்கு அவசரம், வழி விடுங்க" என்கிறார்கள். கேட்டதா அண்ணன்மார்களே? நாற்காலியை நகர்த்துங்கள். காலை மடக்குங்கள். அதோ கல்லல் தாய்மார்கள் இரண்டு பேர் எழுகிறார்கள். அந்த வரிசை முழுவதும் எழுகிறது. துர்காதேவி, நீங்களுமா? மேடையில் இருந்து இறங்கிப் போங்கள், உங்களுக்கு நன்றியுரை சொல்ல நேரமிருக்கிறது. சௌபர்ணிகா, நீயும் போ, அயித்தைக்குத் துணையாகப் போ. தலைவர் அவர்கள் கைதட்டுகிறார்கள், வணங்குகிறேன் ஐயா. போகிற எல்லாரும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள், வரும்போது குடித்துக்கொண்டே வாருங்கள்.

நான் ஏறிய மேடைகளில் எல்லாம் கூட்டம் எழுந்து போனால் பேச்சாளருக்குத் தோல்வி என்பார்கள். இன்று என் கண் முன்னால் ஐந்து வரிசை காலியாகிவிட்டது, ஆறாவது வரிசையும் கிளம்புகிறது, எனக்குக் கண் கலங்குகிறது. தலைநிமிர்ந்து நடந்து போகிற என் தாய்மார்களின் முதுகுகளுக்கு என் நன்றி. வழிவிட்டு நிற்கிற ஆண்மக்களுக்கு என் நன்றி. நீங்கள் காலியாக்கிவிட்டுப் போன இந்த நாற்காலிகள் ஒவ்வொன்றுக்கும் என் வணக்கம்.